அரசனின் சோலையும் ஆண்டவரின் தோட்டமும்

சென்னை மாநகரின் தென்பகுதியில், திருத்தூதர் தோமாவின் நினைவைத் தாங்கி நிற்கும் சின்னமலைக்கு மிக அண்மையில் ஒரு காடு இருக்கிறது. சின்னமலைக்கும் பரங்கிமலைக்கும் திருப்பயணியராகச் சென்றுவரும் நம் மக்களுள் பலர் அக்காட்டின் பக்கமாகவே பேருந்தில் கடந்து போகின்றனர். ஆயினும் அதைக் காடென்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. கிண்டி தேசியப் பூங்கா என்பது அதன் இன்றைய பெயர். பரப்பு ஏறத்தாழ 270 எக்டேர். நம் நாட்டின் தேசியப் பூங்காக்களுள் மிகச் சிறியவற்றில் இதுவும் ஒன்று. சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் அதன் ஓரத்தில் இருப்பதால், "கிண்டிக்குப் போனோம்" என்றால் விடுமுறை நாளில் பிள்ளைகளுக்கு மான் காட்டியதாகவே பொருள்படுகிறது. மதிலுக்கு உள்ளே இருப்பதோ இக்கடற்கரையின் மிகப் பழைய குடி.

இப்பகுதியில் ஒரு காலத்தில் மரங்கள் அடர்ந்திருந்தன என்பதற்கு நம் சமய வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையைப் பற்றி எழுதிய வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, திருத்தூதரின் மரணத்தைப் பற்றித் தாம் கேட்டறிந்த கதையொன்றைத் தருகிறார். தோமா தம் குடிலுக்கு வெளியே மரச்செறிவினூடே செபித்துக்கொண்டிருந்தாராம். அவரைச் சுற்றி மயில்கள் கூடி நின்றனவாம். மயிலைக் குறிவைத்து ஒருவன் எய்த அம்பு அவர்மேல் பாய்ந்ததாம். பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு மறைசாட்சியாக மரித்தார் என்பதே நம் திருச்சபை மரபு. மார்க்கோ போலோவின் கதையை அதற்கு மாற்றாக நான் இங்கே நிறுத்தவில்லை. ஆனால் மயில்கள் சூழ ஒரு சோலையில் செபிக்கும் திருத்தூதர் என்னும் காட்சியை இவ்வூர் மக்கள் எளிதாக நம்பினர் என்பது கருதத்தக்கது. மயிலின் பெயரையே தாங்கிய மயிலாப்பூர் அதற்கு அயலில்தானே இருக்கிறது!

அந்தச் சோலையின் எச்சம் எத்தகையது? தாவரவியலார் இதனை வெப்பமண்டல வறண்ட பசுமைமாறாக் காடு என்பர். "வறண்ட", "பசுமைமாறா" என்னும் இரு சொற்களும் ஒன்றுக்கொன்று முரணானவைபோல் தோன்றும். விளக்கம் எளிது. சோழமண்டலக் கரைக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கிடைத்துவிடுகிறது. அதன்பின் நெடுங்காலம் வெயில். அந்த வெயிலிலும் இலையுதிர்க்காமல் நிற்கக் கற்றுக்கொண்ட மரங்கள் இவை. இலைகள் சிறியவை, தடித்தவை, தோல்போல் உறுதியானவை. உள்ளிருக்கும் நீரை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. மரங்களும் வானளாவ உயர்வதில்லை. மலைநாட்டுக் காடுகளின் படங்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு இது வெறும் முட்புதராகவே தெரியும். "ஒன்றுமில்லை, புதர்தான்" என்று நாம் கைகாட்டிவிட்டுப் போவதற்கும் இதுவே காரணம்.

அந்தப் "புதருக்குள்" இருப்பவற்றின் பெயர்களைச் சற்றுச் சொல்லிப் பார்ப்போம். வீரை. உலக்கைப்பாலை, யாழ்ப்பாணத்தார் விரும்பி உண்ணும் பாலைப்பழம் இம்மரத்தினதே. காயா, திருமாலின் நிறத்துக்கு உவமையாகப் புலவர் பலர் பாடிய நீலப்பூவைத் தருவது. காட்டெலுமிச்சை, கைக்கு எட்டும் உயரத்தில் முள்ளும் மணமுமாக நிற்பது, வண்ணத்துப்பூச்சிகள் சில தம் முட்டைகளை இடத் தேடிவரும் செடி. புளிப்பும் இனிப்பும் கலந்த களா. காரை, உசிலை, இலந்தை, நாவல், பனை. கிண்டியில் 350-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் குறிக்கப்பட்டுள்ளன. இவற்றின் நிழலில் புள்ளிமானும், முறுக்கிய கொம்புடைய வெளிமானும், நரியும், மரநாயும், கீரியும் வாழ்கின்றன. 130-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் அங்கே காணப்பட்டுள்ளன. விமானத்தின் இரைச்சலும் மின்ரயிலின் ஓசையும் கேட்கும் தொலைவில் நரி ஊளையிடும் மாநகரம் உலகில் வேறெத்தனை உண்டு?

இக்காடு எப்படிப் பிழைத்தது என்பதே நாம் சிந்திக்கவேண்டிய வரலாறு.

1670-களில் சென்னைக் கோட்டையின் ஆளுநராயிருந்த வில்லியம் லாங்கார்ன், கிண்டிக் காட்டின் ஒரு பகுதியைத் திருத்தித் தோட்டமாக்கி, ஓய்வில்லம் ஒன்றைக் கட்டினார். கோட்டையின் வெக்கையிலிருந்தும் நெருக்கடியிலிருந்தும் தப்பி வர ஓரிடம் வேண்டியிருந்தது. பின்னர் அது பல கைகள் மாறியது. 1821-ஆம் ஆண்டில் அரசு இங்கிருந்த காட்டுநிலத்தை 35,000 ரூபாய்க்கு வாங்கியது. அதிலிருந்து கிண்டி ஆளுநர்களின் நாட்டுப்புற மாளிகையாயிற்று. 1947-க்குப்பின் அதுவே ராஜ்பவன் ஆயிற்று. இதற்கிடையே அடையாற்றைக் கடக்க 1726-இல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் ஒரு பாலம் கட்டினார். பரங்கிமலையில் நாம் மூச்சிரைக்க ஏறும் கற்படிகளையும் அமைத்த பெருமகன் அவரே. பாலம் வந்தபின் ஆற்றுக்குத் தெற்கே இருந்த நிலம் நகரத்துக்குக் கைக்கெட்டியதாயிற்று. தோட்ட மாளிகைகளும் படைமுகாமும் குதிரைப் பந்தயத் திடலும் வந்தன. சுற்றிலும் காடு அழிந்தது. ஆளுநரின் வேட்டைக்கும் உலாவுக்குமென ஒதுக்கப்பட்ட நிலம் மட்டும் நின்றது. 1910-இல் 505 எக்டேர் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது.

இதில் உள்ள முரணை மறைக்க வேண்டியதில்லை. இக்காட்டைக் காத்தது அன்பன்று, ஆதிக்கம். விறகு பொறுக்க ஏழைப் பெண் உள்ளே வரக்கூடாது, ஆடு மேய்ப்பவன் வரக்கூடாது, துரைமார் மட்டும் துப்பாக்கியுடன் வரலாம் என்ற சட்டமே மரங்களைக் காப்பாற்றியது. புதுச்சேரிப் பக்கத்திலும் மரக்காணத்தை அடுத்த புத்துப்பட்டிலும் இதே வகைக் காடு துண்டு துண்டாக எஞ்சியிருப்பதோ வேறொரு காரணத்தால். அவை ஐயனார் கோயில் காடுகள். சாமிக்கு அஞ்சி ஊரார் கோடரி வைக்காத இடங்கள். அந்த அச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது நமக்கு எளிது. ஆனால், நம் வளாகங்களில் அப்படி ஒரு வேரையாவது நாம் காத்து வைத்திருக்கிறோமா என்று கேட்டுக்கொண்ட பின்னர் தள்ளுவதே முறை.

திருவிவிலியத்தில் இத்தகைய அரச காடு ஒன்று வருகிறது. பாரசீக மன்னன் அர்த்தக்சஸ்தாவின் பானப் பணியாளராயிருந்த நெகேமியா, இடிந்து கிடந்த எருசலேமைக் கட்டியெழுப்ப விடை பெறும்போது மன்னனிடம் ஒரு மடல் கேட்கிறார். அது ஆசாபு என்பவனுக்குரிய மடல். கோட்டை வாயில்களுக்கும் நகர மதிலுக்கும் மரம் தருமாறு ஆணையிடும் மடல். ஆசாபு அரசனின் காட்டைக் காப்பவன். அங்கே காட்டைக் குறிக்கும் எபிரேயச் சொல் "பர்தேஸ்". மதில் சூழ்ந்த இடம் என்னும் பொருளுடைய பழம்பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது அது. மன்னர்கள் வேட்டைக்கும் இன்பத்துக்கும் வளைத்துப்போட்ட சோலைகளுக்கு அப்பெயர் வழங்கியது. அச்சொல்லே கிரேக்கத்தில் "பரதெய்சோஸ்" ஆகி, தொடக்க நூலைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் ஏதேன் தோட்டத்துக்கு இட்ட பெயராயிற்று. சிலுவையில் தம் அருகில் தொங்கிய குற்றவாளிக்கு ஆண்டவர் வாக்களித்த பேரின்ப வீட்டுக்கும் லூக்கா வழங்கும் சொல் இதுவே. ஒரு வேட்டைக் காட்டின் பெயர் வானக வீட்டின் பெயரான விந்தையை எண்ணி வியக்கலாம்.

நெகேமியா கேட்டது தீய நோக்கத்துக்காக அன்று. கோட்டைக்காக, திருநகரின் மதிலுக்காக. அதைவிட நற்காரியம் எது? காட்டைக் காக்கும் ஆசாபுவின் கையில் அந்த மடலைக் கொடுத்தபோது அவன் என்ன எண்ணினான் என்று நூல் சொல்லவில்லை.

கிண்டியின் பிற்கால வரலாறு இத்தகைய மடல்களின் வரலாறே. நாடு விடுதலை பெற்றது. ஆளுநரின் வேட்டைக்காடு மக்களின் உடைமை ஆயிற்று. ஆளவந்தவர்கள் நல்லவர்கள், அவர்கள் எண்ணிய காரியங்களும் நல்லவை. 1956-இல் காந்தியடிகளுக்கு மண்டபம் எழுந்தது. மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1959-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பெற்றது. அதற்காக ஆளுநர் மாளிகைக் காட்டின் பெரும்பகுதி கல்வி அமைச்சகத்துக்கு வழங்கப்பட்டது. ராஜாஜி 1972-இல் மறைந்தார், காமராசர் 1975-இல் மறைந்தார். அவர்களுக்கும் அங்கேயே நினைவகங்கள் அமைந்தன. 1961-க்கும் 1977-க்கும் இடையே மட்டும் ஏறத்தாழ 172 எக்டேர் பல்வேறு துறைகளுக்குக் கைமாறியது. 1910-இல் 505 எக்டேராக இருந்தது இன்று 270 என்றால், பாதியை ஒட்டிய காடு போனது. போனது பெரும்பாலும் பேராசைக்காரரின் கைக்கு அன்று, கல்விக்கும் நன்றியறிதலுக்கும்.

காட்டின் அழிவைப் பற்றிப் பேசும்போது மரக் கள்ளர்களையும் நில வணிகர்களையும் குற்றம் சாட்டிவிட்டு நாம் நிம்மதி அடைந்துவிடுகிறோம். ஆனால் கள்ளனைத் தடுக்கச் சட்டம் உண்டு. பள்ளிக்கூடம் கட்ட வருபவரைத் தடுக்க யாருக்கு வாய் வரும்? நம் நாட்டுத் திருச்சபை பள்ளிகளாலும் மருத்துவமனைகளாலும் கைவிடப்பட்டோர் இல்லங்களாலும் பெயர்பெற்றது. அவை எழுந்த நிலங்களிலும் வீரையும் பாலையும் நின்றிருக்கக்கூடும். அதற்காக அப்பணிகளைக் குறைசொல்வது அறிவீனம். தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற ஏழை வீட்டுப் பிள்ளைகளை எண்ணும்போது, அந்த இடத்தில் காடே இருந்திருக்கலாம் என்று என்னால் துணிந்து சொல்ல முடியவில்லை. இருபுறமும் நன்மையே நிற்கும்போது தேர்வது கடினம். ஆயினும் இத்தகைய தேர்வில் ஒரு தரப்புக்கு வாயில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். வெளிமான் மனு எழுதுவதில்லை.

அதன் சார்பாக எழுதியவர்களும் இருந்தனர். பிரதமர் நேருவின் விருப்பத்துக்கிணங்க 1958-இல் காட்டின் ஒரு பகுதி வனத்துறைக்கு மான் பூங்காவாகவும் சிறுவர் பூங்காவாகவும் ஒப்படைக்கப்பட்டது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் அரசியல் சட்டத் திருத்தம் காடுகளையும் உயிரினங்களையும் காப்பதை அரசின் நெறியாகவும் குடிமக்களின் கடமையாகவும் சேர்த்தது. 1977-இல் எஞ்சிய காடு வனத்துறைக்கு மாறியது. மறு ஆண்டே, 1978-இல், தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு மட்டும் இன்னும் 10 ஆண்டுகள் தாமதித்திருந்தால், எத்தனை நற்காரியங்கள் வரிசையில் நின்றிருக்குமோ!

காடு பிழைத்தது, ஆனால் தீவாகப் பிழைத்தது. 1980-களின் இறுதியில் ராஜ்பவனுக்கும் தொழில்நுட்பக் கழகத்துக்கும் பூங்காவுக்கும் இடையே மதில்கள் எழுந்தன. ஒரே மந்தையாக உலவிய விலங்குகள் பிரிந்தன. தொழில்நுட்பக் கழக வளாகத்தில் மாணவர் விடுதிகளுக்கிடையே இன்றும் மான்கள் மேய்கின்றன, வெளிமானும் உண்டு. மாணாக்கர் எறிந்த நெகிழிப்பையைத் தின்று மான் மடிவதும் உண்டு.

மரம் நடுவதே இயற்கைக்குச் செய்யும் தொண்டு என்று எண்ணுவோருக்குக் கிண்டி ஓர் அரிய பாடமும் தருகிறது. வெளிமான் அடர்ந்த காட்டின் விலங்கன்று. அதற்குத் தொலைவரை கண் ஓடும் புல்வெளி வேண்டும். ஆபத்தை எட்டவே கண்டு துள்ளி ஓட வேண்டும். கிண்டியில் துரைமார் குதிரைமேல் பந்தாடிய போலோ திடலே அதன் புகலிடம். அங்கே மரமும் புதரும் ஏறினால் வெளிமானுக்கு இடமில்லை. ஆகவே வெட்டவெளியை வெட்டவெளியாகவே வைத்திருப்பதும் அங்கே காவற்பணி ஆகிறது. எங்கும் எதையாவது நட்டுவிடவேண்டும் என்னும் நம் துடிப்புக்கு இது கசக்கும்.

நடுவதிலும் எதை நடுகிறோம் என்பது உண்டு. சாலையோரத்தில் நாம் "நம் மரம்" என்று எண்ணியிருக்கும் தூங்குமூஞ்சி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. செந்நிறப் பூக்குடை பிடிக்கும் மயிற்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது. அழகானவைதாம், நிழல் தருபவைதாம். 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. கிண்டிக் காடும் தப்பவில்லை. சாய்ந்தவற்றுள் இத்தகைய அயல் மரங்கள் மிகுதி என்று அப்போது பலரும் கண்டு எழுதினர். புயலுக்குப் பேர்போன இக்கரையில் குட்டையாக, வைரம் பாய்ந்து, வேரூன்றி நிற்பதன் பொருள் அன்று பலருக்கு விளங்கிற்று.

ஏதேன் தோட்டத்தில் மனிதனை வைத்த இறைவன் அவனுக்கு இரண்டு பணிகளைத் தந்தார் என்று தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. "அபாத்", "ஷாமார்" என்பன அங்குள்ள எபிரேய வினைச்சொற்கள். முதலாவது உழைப்பது, பணி செய்வது. இரண்டாவது காவல் காப்பது. இவ்விரண்டு சொற்களும் சேர்ந்து எண்ணிக்கை நூலில் வருகின்றன. அங்கே அவை இறைவனின் கூடாரத்தில் லேவியர் ஆற்றவேண்டிய பணியைக் குறிக்கின்றன. ஆகவே தோட்டத்தில் நின்ற ஆதாம் உழவன் மட்டும் அல்லன். ஒரு வகையில் குருவும் ஆவான். தம்பியைக் கொன்றுவிட்டு, "நான் என்ன காவலாளியா?" என்ற கருத்தில் காயின் கேட்டபோது அவன் வாயில் வந்ததும் அந்த இரண்டாம் சொல்லே. நம் போதனைகளில் உழைப்பைப் பற்றி நிறையவே பேசிவிட்டோம். காவலைப் பற்றிப் பேசியது குறைவு.

காவல் காப்பவனுக்குத் தான் காப்பது இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். இத்துறையில் நம்மவர் ஒருவரை நன்றியோடு நினைவுகூரலாம். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரக் காப்பகத்தை வளர்த்தெடுத்த இயேசு சபைக் குரு கே.எம். மேத்யூ, தமிழகச் சமவெளிகளிலும் குன்றுகளிலும் வளரும் செடிகொடிகளைத் தேடித் திரட்டி, 1980-களில் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். 2004-இல் மறைந்த அவர் சாலையோரக் களையையும் சிறியதென்று ஒதுக்காதவர். ஓர் இலையை அழுத்தி உலர்த்தி, எங்கே, எந்நாளில் எடுத்தது என்று எழுதிவைப்பதும் ஒருவகைத் திருப்புகழ்மாலையே என்று எனக்குத் தோன்றும்.

கிண்டியின் உட்காட்டுக்குள் வனத்துறையின் இசைவின்றி எவரும் நுழைய முடியாது; அது நல்லதே. 2024-இல் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பெற்ற சிறுவர் இயற்கைப் பூங்காவில் நின்றே இக்காட்டின் சாயலைக் காணலாம். கூண்டுகளைத் தேடி ஓடும் பிள்ளைகளைச் சற்று நிறுத்தி, வேலிக்கு அப்பால் கூண்டில்லாமல் இருப்பவற்றைக் காட்ட வேண்டும்: செம்போத்து தத்தித் தத்தி நடப்பதையும், எருக்கின் இலைக்கடியில் வரிப்புழு ஒட்டியிருப்பதையும், கோடையில் மற்றெல்லாம் காய்ந்திருக்க வீரை மட்டும் கரும்பச்சையாய் நிற்பதையும். அவசரப்படுவோருக்கு அங்கே ஒன்றும் தெரியாது.

அசிசி நகர் பிரான்சிஸ், துறவுமடத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியைப் பண்படுத்தாமல் விட்டுவைக்கும்படி தம் சகோதரர்களைக் கேட்டுக்கொண்டார் என்பதை மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய "லவ்தாத்தோ சி" சுற்றுமடலில் நினைவூட்டுகிறார். காட்டுப்பூக்களும் புல்பூண்டுகளும் தம் போக்கில் வளரவேண்டும் என்பதே புனிதரின் நோக்கம். நம் ஆலய வளாகங்களோ இப்போது ஓரங்குலம் மண் தெரியாதபடி சிமென்டுக் கற்களால் மூடப்படுகின்றன. ஓரத்தில் வரிசையாக நெட்டிலிங்கம், தொட்டியில் குரோட்டன்ஸ். திருவிழாக் கூட்டத்துக்குச் சேறில்லாத தரை வேண்டும் என்பது உண்மைதான். கெபிக்குப் பின்புறம், கல்லறைத் தோட்டத்தின் மூலை, சுற்றுச்சுவரோரம் என்று எவரும் நடக்காத இடங்கள் எந்தப் பங்கிலும் இல்லாமற் போவதில்லை. அங்கே ஒரு களாவும், ஒரு காட்டெலுமிச்சையும், ஒரு நாவலும் நின்றால் திருவிழாவுக்கு இடையூறு இல்லை.

சருகைக் கூட்டாமல் விட்டால் இன்னொன்றும் நேரலாம். வடநாட்டில் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாசி, ஐப்பசியில் தெற்கே வரும் ஆறுமணிக்குருவி என்றொரு பறவை உண்டு. விடியலிலும் அந்தியிலும் குரலெழுப்புவதால் அப்பெயர். மைனா அளவினது, பச்சை முதுகும், நீலத் திட்டும், வயிற்றடியில் செந்நிறமுமாய் அத்தனை வண்ணங்களையும் சுமந்துகொண்டு தரையிலேயே திரியும். கிண்டிக் காட்டுக்கு அது ஆண்டுதோறும் வருகிறது. வழியில் களைத்து நகரத்து வீட்டுத் தோட்டங்களிலும் இறங்குவது உண்டு. மட்கிய இலைகளைப் புரட்டிப் புழுவும் பூச்சியும் தேடி உண்டு, பங்குனி சித்திரையில் வடக்கே திரும்பிவிடும்.